குழாய் வெடித்தால் முதலில் எதை மூடுவது? செட்டிநாட்டு வீடுகளுக்கு ஓர் அவசர வழிகாட்டி

செட்டிநாட்டு வீடு ஒன்றில் தண்ணீர்க் குழாய் வெடித்ததும், சத்தம் வரும் திசையை நோக்கி வாளியும் துணியுமாக ஓடுவதே பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம். பீறிடும் நீரைக் கையால் பொத்திப் பிடித்தபடி ஒருவர் நிற்க, மற்றவர்கள் பிளம்பரின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க, மாடித் தொட்டியில் இருந்த நீர் அதற்குள் பாதிக்கு மேல் இறங்கிவிடும். வெடித்த இடத்தை அடைப்பது பிறகு செய்ய வேண்டிய வேலை. நீர் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கே சென்று நிறுத்துவதுதான் முதல் வேலை. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டில், அந்த இடம் எது, அதை மூடும் வால்வு எங்கே என்பது அப்போது வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் சேதம் சில வாளிகளோடு நின்றுவிடும். தெரியாவிட்டால் ஒரு கட்டு, அதாவது ஒரு முற்றத்தைச் சுற்றிய பகுதி, முழுவதும் நனையும்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய ஊர்களில் இந்தப் பெரிய வீடுகள் எழுந்தபோது குழாய் என்பது அவற்றின் கட்டுமானத்தில் இடம்பெறவில்லை. ஓடுகளில் விழுந்த மழைநீரை முற்றத்தில் பிடித்தார்கள், கிணற்றில் இறைத்தார்கள், குடிநீருக்கு ஊரணிக்குப் போனார்கள். குழாய்கள் எல்லாம் பின்னர் வந்து சேர்ந்தவை. அதுவும் ஒரே காலத்தில், ஒரே கையால் போடப்பட்டவை அல்ல. அடுப்படிக்கு அந்தக் காலத்து ஜி.ஐ. இரும்புக் குழாய், மாடிக் குளியலறைக்குச் சாம்பல் நிறப் பி.வி.சி., கல்யாணத்தின்போது அவசரமாகக் கட்டிய கழிப்பறைக்கு வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. என்று ஒரு வீட்டுக்குள்ளேயே மூன்று தலைமுறைக் குழாய்கள் ஓடும். ஒரு பங்காளி போட்ட இணைப்பு எங்கே வளைந்து எங்கே போகிறது என்பது அடுத்த பங்காளிக்குத் தெரியாது. வரைபடம் எதுவும் இருக்காது. இதனால்தான் நகரத்து அடுக்குமாடி வீட்டுக்குச் சொல்லப்படும் யோசனைகள் இங்கே அப்படியே பொருந்துவதில்லை.

மின்சாரம்

எந்த வால்வைத் தொடுவதற்கு முன்பும் தண்ணீர் எந்த இடங்களில் நிற்கிறது என்று ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். ஸ்விட்ச் போர்டின் மேலோ, தரையோடு ஒட்டிய பிளக் பாயின்ட்டுக்குள்ளோ, மீட்டர்ப் பெட்டிப் பக்கமோ நீர் போகிறது என்றால் மின்சாரத்தை நிறுத்துவதே முதல் வேலையாகிவிடும். உலர்ந்த தரையில், உலர்ந்த கையோடு, காலில் ரப்பர்ச் செருப்போடு நின்று மெயினை அணைக்கலாம். மெயின் இருக்கும் சுவரே நனைந்திருந்தாலோ, அங்கே போகத் தண்ணீரை மிதித்துத்தான் தீர வேண்டும் என்றாலோ அதைத் தொடவே கூடாது. எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு, மின்வாரியத்தின் மின்னகம் சேவையை 94987 94987 என்ற எண்ணில் அழைத்து, கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும்.

பலரும் மறந்துவிடும் ஒரு பொருள் இன்வெர்ட்டர். மெயினை அணைத்த பிறகும் அது தன் பாட்டரியிலிருந்து விளக்குக்கும் மின்விசிறிக்கும் மின்சாரம் அனுப்பிக்கொண்டேயிருக்கும். மெயின் அணைந்துவிட்டது என்ற நம்பிக்கையில் நனைந்த போர்டில் கை வைப்பவருக்கு ஆபத்து அங்கிருந்துதான் வரும். எனவே அதையும் தனியாக அணைக்க வேண்டும். வெந்நீர்க் கீசர் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். குழாயில் நீர் வற்றிக் கீசரும் காலியானால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும்.

மோட்டார், தொட்டி, தெரு

வீட்டுக்குள் ஓடும் நீர் இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. மூன்றையும் மூட வேண்டியிருக்காது. எது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். மோட்டார் ஓடும்போது மட்டும் பீறிட்டு, நிறுத்தியதும் குறைந்து நின்றுவிட்டால், போர்வெல்லிலிருந்தோ தரைத் தொட்டியிலிருந்தோ மாடிக்கு ஏற்றும் குழாய்தான் வெடித்திருக்கிறது. மோட்டாரை நிறுத்தியும் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தால், அது மாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் குழாய். காலையில் தெருக்குழாயில் தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் ஒழுகினால் அது குடிநீர் இணைப்பு.

இதில் எதுவாக இருந்தாலும் மோட்டாரை முதலில் நிறுத்துங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. தொட்டியில் நீர்மட்டம் குறைந்தால் தானாக மோட்டாரை ஓடவிடும் கருவியை இப்போது பல வீடுகளில் பொருத்தியிருக்கிறார்கள். குழாய் வெடித்துத் தொட்டி காலியாகக் காலியாக அந்தக் கருவி தன் கடமையைத் தவறாமல் செய்யும். கீழே ஓடுகிற தண்ணீருக்கு மேலே புதுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டேயிருக்கும். ஆள் இல்லாத வீட்டில் இரண்டு மூன்று நாள் வரை இப்படி ஓடியிருக்கிறது என்று கேள்விப்படுவது எல்லாம் இந்த வகைதான். ஸ்டார்ட்டரில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மட்டும் போதாது. தானியங்கிக் கருவி மறுபடியும் அதைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால், மோட்டாருக்கு வரும் எம்.சி.பி.யை, அதாவது மின்பெட்டியில் உள்ள அதன் தனி ஸ்விட்சை, கீழே இறக்கிவிட வேண்டும்.

அடுத்தது மாடித் தொட்டியின் வால்வு. சக்கரம் போன்ற தலை உள்ளது கேட் வால்வு. அதை வலப்பக்கமாக, கடிகார முள் சுற்றும் திசையில், பல சுற்று திருப்பினால்தான் மூடும். நீளமான கைப்பிடி உள்ளது பால் வால்வு (ball valve). கைப்பிடி குழாயோடு ஒட்டி ஒரே வாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே திருப்பினால் மூடிவிட்டது. பழைய பித்தளைக் கேட் வால்வு வருடக்கணக்கில் திருப்பப்படாமல் உப்புப் பிடித்து இறுகியிருக்கும். அதை ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். தண்டு முறிந்தால் இருந்த ஒரே தடுப்பும் போய்விடும். சிறிது தேங்காய் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்க்கலாம். அசையவில்லை என்றால் தொட்டியின் மூடியைத் திறந்து, அடிப்பகுதியில் நீர் வெளியேறும் துளைக்குள் துணி சுற்றிய மரக்கட்டையைச் செருகிவிடலாம். நீரின் அழுத்தமே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கட்டையை ஒரு கயிற்றில் கட்டிக் கயிற்றை வெளியே விட்டுவைத்தால் குழாய்க்குள் போய்விடாது. பிறகு இழுத்து எடுப்பதும் எளிது. ஈரமான மொட்டை மாடியில், தொட்டியின் இரும்புத் தாங்கியின் மீது ஏறிச் செய்யும் வேலை இது. ஒருவர் ஏற, இன்னொருவர் தாங்கியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரவில் தனியாக ஏறவே வேண்டாம்.

வால்வை மூடிய பிறகும் குழாயில் தங்கிய நீர் சிறிது நேரம் ஒழுகும். வெடித்த இடத்தைவிடத் தாழ்வாக உள்ள குழாய்களை, குறிப்பாக அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் இருப்பவற்றை, முழுவதும் திறந்துவிட்டால் மிச்ச நீர் அந்த வழியாக இறங்கிவிடும். அண்டாவையும் தவலையையும் அவற்றின் அடியில் வைத்துவிடுங்கள். பழுது நீங்கும்வரை வீட்டுக்கு வேறு தண்ணீர் கிடைக்காது.

தெரு இணைப்பு உடைந்திருந்தால் வாசலில் மீட்டருக்கோ சுவருக்கோ அருகில் உள்ள வால்வை மூடலாம். அந்த வால்வுக்கும் தெருவுக்கும் இடையில் உடைந்திருந்தால் வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. காரைக்குடியில் மாநகராட்சிக்கும், தேவகோட்டையில் நகராட்சிக்கும், பேரூராட்சி, ஊராட்சிகளில் அந்தந்த அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும். சிற்றூர்களில் மேல்நிலைத் தொட்டியைத் திறந்துவிடும் ஆபரேட்டரை நேரில் பார்த்துச் சொல்வதுதான் விரைவில் பலிக்கும்.

அவசரத்தின் அளவு புரிய ஒரு சிறு கணக்கு. ஆயிரம் லிட்டர்த் தொட்டி முழுவதும் கொட்டினால் நூறு சதுர மீட்டர்த் தரையில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கும். முக்கால் இஞ்சுக் குழாய் முழுவதும் முறிந்தால் அந்தத் தொட்டி அரை மணி நேரத்துக்குள் காலியாகிவிடலாம். வால்வைத் தேடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இத்தனை வாளி என்று கணக்குப் பண்ணிக்கொள்ளலாம்.

நீரை முற்றத்துக்குத் தள்ளுங்கள்

நகரத்து அடுக்குமாடி வீட்டுக்கு இல்லாத ஒரு வசதி இந்த வீடுகளுக்கு உண்டு. வளவு எனப்படும் உள்கட்டைச் சுற்றிய பத்திகள், அதாவது கூரையுள்ள நடைகள், உயரத்திலும், நடுவில் உள்ள முற்றம் தாழ்விலும் அமைந்திருக்கின்றன. பெருமழையை வாங்கி வெளியேற்றவே கட்டப்பட்ட முற்றம் அது. ஆகவே வீட்டுக்குள் புகுந்த நீரை வாளியில் மொண்டு வாசலுக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை. ரப்பர்த் தள்ளுகட்டையாலோ தென்னந்துடைப்பத்தாலோ முற்றத்தை நோக்கித் தள்ளினால் போதும். ஆனால் முதலில் முற்றத்து மூலையில் உள்ள வடிகால் துளையைப் பாருங்கள். பூட்டிக் கிடந்த வீடு என்றால் காய்ந்த இலையும் புறா இறகும் அதை அடைத்திருக்கும். அதை எடுத்துவிட்டு, கம்பியை விட்டு ஒரு முறை குத்திவிட்ட பிறகே தள்ள ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் முற்றம் நிரம்பி நீர் மறுபடியும் பத்திக்கே ஏறும்.

தள்ளும்போது அறைகளின் நிலைப்படிகளைக் கவனிக்க வேண்டும். உயரமான மரப்படி நீரை உள்ளே விடாமல் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அறைக்குள்ளேயே குழாய் வெடித்திருந்தால் அதே படி நீரை உள்ளேயே தேக்கிவைக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சாத்திய கதவின் அடியில் கை வைத்துப் பார்த்தால் ஈரம் தெரியும்.

மாடியில் குழாய் வெடித்திருந்தால் கீழே நிற்பவர் மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். மரச்சட்டங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் பரப்பிய பழைய மேல்தளம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடம் ஏற்கெனவே கறையான் அரித்திருந்தால் ஆபத்து அங்கேதான். நீர் சொட்டும் மேல்தளத்தின் கீழ் யாரும் உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது. பிற்காலத்தில் அட்டை போட்ட பொய்க்கூரை இருக்கும் அறையில், அது பானை வயிறுபோலத் தொங்கினால் அதற்குள் நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். மின்சாரத்தை அணைத்துவிட்டு, கீழே அண்டாவை வைத்து, சற்றுத் தள்ளி நின்று, நீண்ட கம்பின் நுனியால் சிறு துளை போட்டு நீரை இறக்கிவிட வேண்டும். அதுவாகக் கிழிந்து விழட்டும் என்று விட்டால் மொத்தமாக விழும்.

பொருள்களில் முதலில் தூக்க வேண்டியவை பெட்டகமும் பீரோவும் அல்ல. அவற்றைத் தூக்க நான்கு பேர் வேண்டும், தேக்கு சிறிது நேர ஈரத்தைத் தாங்கும். தரையோடு இருக்கும் ட்ரங்குப் பெட்டிகள், பழைய கணக்குப் புத்தகங்கள், பத்திரங்கள், சுவரோரம் சாத்தி வைத்த படங்கள், ஜமுக்காளம், பட்டுத் துணி ஆகியவையே முதலில். நனைந்த கணக்கேட்டைப் பிரித்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். தாள்கள் ஈரமாக இருக்கும்போது பிரித்தால் கிழியும். வெயிலில் வைக்காமல், நிழலில், மின்விசிறிக் காற்றில், அச்சு இல்லாத வெள்ளைத் தாளைச் சில பக்கங்களுக்கு ஒன்றாக இடையிட்டு உலர்த்துவது நல்லது. கண்ணாடி போட்ட முன்னோர் படத்தில் நீர் புகுந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவே வேண்டாம். சட்டத்தோடு படுக்க வைத்து, விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பழுதைத் தற்காலிகமாக அடக்குதல்

பிளம்பர் வர மாலையாகும், அல்லது மறுநாளாகும். வைகாசி முகூர்த்த நாள் என்றால் அவரும் எங்கோ பந்தலில் இருப்பார். அதுவரை தாக்குப்பிடிக்க வழிகள் உண்டு. நீளவாக்கில் விரிசல் விட்ட பி.வி.சி. குழாய்க்கு, சைக்கிள் ட்யூப்பை இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டி, விரிசலுக்கு ஒரு சாண் முன்பிருந்து தொடங்கி நன்றாக இழுத்துச் சுற்றி, அதன் மேல் கட்டுக்கம்பியையோ இரும்புக் கிளிப்பையோ போட்டு முறுக்கினால் சொட்டு நிற்கும். எம்-சீல் என்னும் அடைப்புப் பசையைப் பூசுவதானால் குழாயின் நீர் முழுவதும் வடிந்து, மேற்பரப்பு உலர்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே பூச வேண்டும். ஒழுகிக்கொண்டிருக்கும் குழாயில் அப்பினால் அது ஒட்டாது. டெஃப்ளான் டேப் திருகு மரைகளுக்கு மட்டுமே உரியது. விரிசலின் மேல் அதைக் கட்டுக்கட்டாகச் சுற்றி வைப்பதைப் பல வீடுகளில் காணலாம். அதனால் எந்தப் பயனும் இல்லை.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வெடித்த கிளைக் குழாயை மட்டும் துண்டித்து, முனையில் மூடி போட்டு அடைத்துவிட்டால் வீட்டின் மற்ற இடங்களுக்குத் தண்ணீரைத் திறந்துவிடலாம். அரை, முக்கால், ஒரு இஞ்சு அளவுகளில் இரண்டிரண்டு மூடிகளும், குழாயை ஒட்டும் சால்வென்ட் சிமெண்ட் சிறிய டப்பாவும், ஒரு ஹேக்ஸா பிளேடும் வீட்டில் இருந்தால் இதை யாரும் செய்துவிடலாம். திறந்த டப்பா மூடிவைத்தாலும் சில மாதங்களில் உள்ளே கெட்டியாகிவிடும். குலுக்கிப் பார்த்து, ஓடவில்லை என்றால் புதிது வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிரந்தரமாகச் சரிசெய்வது

பி.வி.சி. குழாயில் விரிசல் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு முடிவதில்லை. மயிரிழையாக மேலும் ஓடியிருக்கும். எனவே இரு பக்கமும் இரண்டிரண்டு இஞ்சு கூடுதலாக விட்டு, நேராக அறுத்து எடுக்க வேண்டும். அறுத்த முனையின் பிசிறைக் கத்தியால் சீவி, துணியால் துடைத்து, குழாயின் வெளிப்புறமும் சாக்கெட்டின் உட்புறமும் சிமெண்டை மெல்லிதாகப் பூசி, உடனே செருகி, கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். பி.வி.சி.க்கு உரிய சிமெண்டை சி.பி.வி.சி.யில் பூசக் கூடாது. டப்பாவின் மேல் எதற்கானது என்று எழுதியிருக்கும். இரண்டு பக்கமும் சுவரில் பதிந்த குழாய் வளைந்து கொடுக்காது என்பதால், நடுத் துண்டை இணைக்க ஒரு பக்கம் யூனியன் என்னும் கழற்றி மாட்டும் இணைப்பைப் போட வேண்டியிருக்கும். எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பது டப்பாவிலேயே குறிக்கப்பட்டிருக்கும். இரவு முழுவதும் விட்டு மறுநாள் காலையில் தண்ணீர் விட்டால் கவலையே இல்லை.

ஜி.ஐ. குழாய் வேறு கதை. அது ஓரிடத்தில் ஓட்டையானால், உள்ளுக்குள் துரு நீளம் முழுவதும் தின்றிருக்கிறது என்றே கொள்ளலாம். ஒரு துண்டை மாற்ற ஸ்பேனர் போட்டால் அந்த அதிர்ச்சியில் அடுத்த இணைப்பு ஒழுகும். அதைச் சரிசெய்தால் அதற்கடுத்தது. அனுபவமுள்ள பிளம்பர் ஒருவர் அந்தக் கிளை முழுவதையும் கைவிட்டுவிட்டு, சுவரின் மேலாகவே புதுக் குழாய் ஓட்டலாம் என்று சொன்னால், செலவைக் கூட்டச் சொல்கிறார் என்று சந்தேகப்பட வேண்டாம். என் கருத்தும் அதுதான். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து இழைத்து, கண்ணாடியாய்ப் பளபளக்கும் பூச்சுள்ள சுவரை வெட்டிக் குழாயைப் புதைப்பதைவிட, கட்டின் பின்புறச் சுவரில் வெளியே தெரியும்படி ஓட்டுவதே மேல். கண்ணுக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனால் அடுத்த முறை வெடிக்கும்போது எங்கே என்று தேட வேண்டியிருக்காது.

சுவருக்குள் எங்கோ கசிவு, இடம் தெரியவில்லை என்றால் உடனே உளியை எடுக்கக் கூடாது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். குறைந்திருந்தால் கசிவு உறுதி. பிறகு கிளை கிளையாக வால்வை மூடி, எந்தக் கிளையை மூடும்போது மட்டம் நிற்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ஊர் அடங்கிய பிறகு எவர்சில்வர் டம்ளரின் வாயைச் சுவரில் வைத்து அடிப்பக்கத்தில் காதை வைத்தால், நீர் சீறும் இடம் ஓரளவு கேட்கும். இவ்வளவும் செய்த பிறகு ஒரு கை அகலத்துக்கு வெட்டினால் போதும்.

தரையைப் பொறுத்தவரை ஆத்தங்குடி ஓட்டுக்குத் தண்ணீர் பகையல்ல. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சில் வார்த்து, பிறகு நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தியே அது செய்யப்படுகிறது. ஆனால் அடியில் பீறிட்ட நீர் ஓட்டுக்குக் கீழே உள்ள மணலை அரித்துக்கொண்டு போயிருக்கலாம். தரை உலர்ந்த பிறகு, நாணயத்தின் விளிம்பால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டே போனால், அடி காலியான ஓடு டொக்கென்று ஒலிக்கும். அவற்றுக்குச் சுண்ணாம்பால் குறியிட்டு, கொத்தனாரை விட்டுப் பெயர்த்து, அடியை நிரப்பி, அதே ஓட்டைத் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். பழைய வண்ணத்துக்கு ஒத்த புது ஓடு கிடைப்பது அரிது. கறையைப் போக்க ஆசிட் ஊற்றினால் வண்ணம் போய்விடும். வெறும் தண்ணீரும் துணியும் போதும்.

நனைந்த சுண்ணாம்புச் சுவரின் மேல் அவசரப்பட்டுச் சிமெண்ட் பூசுவது, இந்த வீடுகளுக்குச் செய்யப்படும் தீங்குகளில் மிகப் பரவலானது. சுண்ணாம்பு மூச்சுவிடும், சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். சில மாதங்களில் உப்புப் பூத்து, ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியுள்ள நல்ல பூச்சும் உதிரும். கதவையும் சன்னலையும் திறந்துவைத்து, வாரக்கணக்கானாலும் சுவர் தானே உலர விட்டு, பிறகு சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கொண்டே பூச வேண்டும்.

பங்காளிகளும் பூட்டிய அறைகளும்

குழாய் வெடித்தது ஒரு பங்காளியின் பூட்டிய அறைக்குள். சாவி சென்னையிலோ சிங்கப்பூரிலோ. இது கற்பனையான சிக்கல் அல்ல. இந்த நிலையில் பூட்டை உடைப்பதா வேண்டாமா என்று தொலைபேசியில் விவாதித்துக்கொண்டிருப்பதைவிட, தொட்டி வால்வை மூடுவதே சண்டையில்லாத வழி. நீர் நின்ற பிறகு உரியவரிடம், “அண்ணே, உங்க அறைக்குள்ளே தண்ணி நிக்குது, பூட்டைத் திறந்து பாத்துக்கவா?” என்று கேட்டு, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டு பேரைச் சாட்சியாக வைத்துத் திறந்து, உள்ளே இருப்பதைத் திறந்தவுடனே படம் எடுத்துவிட்டால் பின்னால் பேச்சு வராது. ஒவ்வொரு அறைக்கும் போகும் கிளைக் குழாய்க்கு வெளியிலேயே ஒரு பால் வால்வு வைப்பதை, முன்னோரை வணங்கப் பங்காளிகள் கூடும் படைப்பு நாளில் பேசி முடித்துவிடலாம். செலவு சில நூறு ரூபாய்தான்.

அந்தப் படங்கள் காப்பீட்டுக்கும் உதவும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் கிருக ரக்‌ஷா என்ற வீட்டுக் காப்பீட்டில், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்தோ வழிந்தோ ஏற்படும் சேதமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உடைந்த குழாய்த் துண்டை எறியாமல் வைத்திருங்கள். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு நிபந்தனை என்ன என்பதைப் பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு வால்வுகளை ஒரு முறை நேரில் காட்டி, அவர் கையாலேயே மூடித் திறக்கச் செய்வது அவசியம். தொலைபேசியில், “ஆச்சி, எந்தக் குழாயைச் சொல்றீங்க? இங்கே நாலு இருக்கே!” என்று அவர் மாடியில் நின்று கேட்கும்போது, வெளியூரில் இருந்துகொண்டு விளக்குவது நடவாத காரியம். ஒவ்வொரு வால்வுக்கும் எனாமல் பெயின்டால் ஒன்று, இரண்டு என்று எண் எழுதி, எந்த எண் எந்தக் கட்டுக்கு என்பதை ஒரு தாளில் எழுதி, மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால், “மூணாம் நம்பரை மூடுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வால்வுகளை மாதம் ஒரு முறை மூடித் திறந்தால் இறுகிப் போகாது.

பூட்டும்போதும் திறக்கும்போதும்

இப்பகுதியில் குழாய் வெடிப்பதற்குக் காரணம் குளிர் அல்ல, வெயில். மொட்டை மாடியில் மூடாமல் ஓடும் பி.வி.சி. சில கோடைகளில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்தாலோ பழைய சாக்குச் சுற்றினாலோ ஆயுள் கூடும். அடுத்த காரணம், திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைத் திறக்கும் நாளில் வால்வை ஒரேயடியாகத் திறப்பது. நீண்ட நாள் காலியாக இருந்த குழாய்க்குள் காற்று நிறைந்திருக்கும். வேகமாகப் பாயும் நீர் அந்தக் காற்றை அழுத்திக்கொண்டு போய், வளைவுகளிலும் முட்டுகளிலும் மோதும்போது எழும் அதிர்ச்சியில்தான் நலிந்த இணைப்பு பிய்த்துக்கொள்கிறது. மூன்றாவது, பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் ஆணி அடிப்பவர், உள்ளே குழாய் ஓடும் சுவரில் அடித்துவிடுவது.

ஆகவே ஊருக்குப் புறப்படும்போது மோட்டாரின் எம்.சி.பி.யை இறக்கி, தொட்டி வால்வுகளை மூடி, கீழ்க் குழாய்களைத் திறந்து நீரை வடித்துவிட்டு மறுபடியும் மூட வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியை முழுவதும் காலியாக விட வேண்டாம், பெருங்காற்றில் கவிழ்ந்துவிடும். கால் பங்கு நீரை விட்டு, கொசு புகாதபடி மூடியை இறுக்கினால் போதும்.

திறக்கும்போது முதலில் வீட்டின் கடைசிக் குழாயை, பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் இருப்பதை, முழுவதும் திறந்துவைக்க வேண்டும். பிறகு மாடியில் ஒருவர் வால்வைக் கால் பங்கு மட்டும் திறக்க, கீழே ஒருவர் குழாயடியில் நிற்க வேண்டும். முதலில் காற்று புஸ்ஸென்று வரும், அப்புறம் துப்பித் துப்பித் துருநீர் வரும். அது தெளிந்து ஒரே சீராக ஓடிய பிறகு கீழுள்ள குழாயை மூடி, அடுத்த கட்டின் குழாயைத் திறக்கலாம். எல்லாக் கட்டுகளும் முடிந்தபின் மாடி வால்வை முழுவதும் திறந்துவிட்டு, சுவரோரங்களையும் நிலைப்படிகளையும் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் சமையல்காரரிடம் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.